உப்புத்தண்ணி புண்ணை ஆத்துமா?

பொன்னேரியில் ஏறி பழவேற்காடு போகிற பேருந்தில், திருப்பாலைவனம் தாண்டும்போது, உள்ளே இருக்கிற கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயாக்களின் முன்கையில் பச்சை நிறத்தில் மங்கிப்போன கோலப்புள்ளி, ஒரு தேள், ஒரு பேர். பின்படியில் தொங்கும் பையன்களின் கையில் நங்கூரம், சிலுவை, வேல், அம்மா பேர், நடிகர் முகம், இன்னும் சிலருக்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் (எழுத்துப் பிழையோடு :-)). ஆயா குத்திக்கொண்டது பச்சை. பேரன் போட்டுக்கொண்டது டாட்டூ. பேர் மாறிவிட்டது, ஊசி மாறிவிட்டது, விலையும் எக்கச்சக்கமாக மாறிவிட்டது. மாறாதது ஒன்றுதான். குத்திக்கொண்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டு பேருமே ஏரியில் இறங்கியாக வேண்டும்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

டாட்டூ கடையில் வேலை முடிந்ததும் ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். கொஞ்சம் நல்ல கடையாக இருந்தால் அச்சடித்த தாளே தருவார்கள். இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறவிடாதே. குளம், கடல், நீச்சல் எதுவும் கூடாது. வெயில் படக்கூடாது. சுத்தமான தண்ணீரில், வாசனை இல்லாத சோப்பில், நாளைக்கு இரண்டு தடவை கழுவு. துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு. களிம்பு மெல்லிசாகப் போடு. பொருக்கு உதிரும்போது பிய்க்காதே, அரித்தாலும் சொறியாதே.

இதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அத்தனையும் சரி. ஆனால் அந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டது? குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற வீடு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, நீச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு... அப்படி ஓர் ஆளை மனசில் வைத்து எங்கேயோ எழுதப்பட்டு, இணையத்திலிருந்து இறக்கி, அப்படியே நகல் எடுக்கப்பட்டது அது. அதை வாங்கி ஜோபியில் மடித்து வைத்துக்கொள்கிறவன் விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவன். "நீச்சல் தவிர்க்கவும்" என்று படித்துவிட்டு அவன் சிரிக்கத்தான் செய்வான். அவன் எங்கே நீந்துகிறான்? வேலை பார்க்கிறான்!

அவன் கேட்கிற கேள்வி நியாயமானது. "அண்ணே, நாளான்னிக்கு தொழிலுக்குப் போலாமா?"

வருகிற பதிலும் பல இடங்களில் ஒன்றேதான். "ஒண்ணியும் ஆவாது தம்பி. மேல கவர் சுத்திக்கினு போ. உப்புத்தண்ணி பட்டா இன்னும் சீக்கிரம் ஆறிடும்."

உப்புத்தண்ணி பட்டால் ஆறிவிடும். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஏரியில் தூக்கிப் போட வேண்டும்.

*

முதலில் டாட்டூ என்றால் என்ன? படம் என்று நினைக்கிறவர்களுக்கு அது படம். தோலுக்கு அது காயம். இயந்திரத்தின் ஊசி நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில், வேகமான இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே போய் வருகிறது. மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை விட்டுவிட்டு வருகிறது. உடனே உடம்பின் காவல் செல்கள் ஓடிவந்து மையை விழுங்கிக்கொள்கின்றன. 2018இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் தோலை வைத்துக் காட்டிய விஷயம் சுவாரசியமானது. மையை விழுங்கிய செல் செத்துப்போனால், அது கக்கிய மையை அடுத்த செல் வந்து விழுங்கிக்கொள்கிறது. ஆயாவின் கையில் ஐம்பது வருஷமாகத் தேள் உட்கார்ந்திருப்பதன் ரகசியம் அதுதான். ஒரு செல் மாற்றி ஒரு செல் அந்தத் தேளைச் சுமந்துகொண்டே இருக்கிறது.

அது பிற்பாடு நடக்கிற கதை. முதல் இரண்டு மூன்று வாரம் நடப்பது வேறு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிங்க முகம் போட்டால், உள்ளங்கை அகலத்துக்குத் தோலில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள். கதவெல்லாம் திறந்து கிடக்கிற வீடு மாதிரி. மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், உள்ளே முழுசாக ஆற இன்னும் அதிக நாள். பொருக்கு காய்ந்திருப்பதைப் பார்த்து "ஆறிடுச்சு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் ஏமாற்று.

இப்போது உப்புக்கு வாருங்கள். ஆஸ்பத்திரியில் காயத்தை உப்புநீரால்தானே கழுவுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். அது ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு கரைத்த, கிருமி ஒன்றுகூட இல்லாமல் அடைத்து வந்த நீர். அங்கே காயத்துக்கு உதவுவது அதன் சுத்தம்தான். உப்பு அந்த அளவில் சேர்க்கப்படுவது உடம்பின் திரவத்தோடு ஒத்துப்போய் காந்தாமல் இருப்பதற்காக. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பழவேற்காடு ஏரி இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவரும் ஐப்பசி கார்த்திகையில் நல்ல தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகும். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும் கோடையில் கடலைவிட உப்பாகக்கூட ஏறும். அந்தத் தண்ணீர் எந்த மாசத்திலும் செத்த தண்ணீர் அல்ல. இறாலும் நண்டும் மடவையும் அதில்தான் வளர்கின்றன. அவை வளர்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததும் வளரும்.

அதில் ஒன்றின் பேர் வைப்ரியோ வல்னிபிகஸ். காலராக் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன். உப்பும் நல்லதும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்கு மாமியார் வீடு. நீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினால் கொண்டாட்டம். குளிர்ப் பிரதேசமான பால்டிக் கடலிலேயே 2014, 2018 போன்ற வெயில் கோடைகளில் இந்த வகைக் கிருமிகளால் காயத்தொற்று வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது கோடைக்கு மட்டும் வருகிற விருந்தாளி. பழவேற்காட்டுத் தண்ணீர் வருஷம் முழுக்க அதற்குத் தேவையான சூட்டில்தான் இருக்கிறது. இந்தியக் கரையில் பிடித்த மீனிலிருந்தும் சிப்பியிலிருந்தும் இந்தக் கிருமியை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். வல்னிபிகஸ் என்ற லத்தீன் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? புண் உண்டாக்குவது! உப்புத்தண்ணி புண்ணை ஆற்றும் என்கிறவர்கள், அந்தத் தண்ணீரில் குடியிருப்பதன் பேரையாவது ஒருமுறை படிக்கலாம்.

2017இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெக்சாஸ் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். வயது 31. கெண்டைக்காலில் ஒரு சிலுவையும் ஜெபிக்கும் கைகளும் பச்சை குத்திக்கொண்டார். ஐந்தாவது நாள் மெக்சிகோ வளைகுடாவில் இறங்கிக் குளித்தார். ஒரே நாளில் காய்ச்சல், குளிர் நடுக்கம், டாட்டூவைச் சுற்றிச் சிவப்பு. ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் கால்கள் ஊதா நிறமாகிவிட்டன. மருத்துவர்கள் போராடினார்கள், நடுவில் கொஞ்சம் தேறவும் தேறினார், ஆனால் இரண்டு மாசம் போல ஆனபின் இறந்துபோனார்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தது, தினமும் ஆறு பியர் குடிக்கிறவர். இந்தக் கிருமி ஆரோக்கியமான ஆளைக் கொல்வது அபூர்வம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு இருப்பவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கிறது. சரி, அப்படியானால் பயப்பட வேண்டாமே என்கிறீர்களா? கரையில் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தன் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரியும்? ராத்திரிக் குளிருக்கும் உடம்பு வலிக்கும் ஒரு குவார்ட்டர் என்று பத்துப் பதினைந்து வருஷமாகப் பழகிய உடம்பு எத்தனை? மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதே கிருமி கழுவாத டாட்டூ ஊசி வழியாகவும் வரும் என்பது இன்னொரு கொடுமை. முதல் டாட்டூவில் கல்லீரல் நோய் வந்து, வருஷங்கள் கழித்துப் போடுகிற அடுத்த டாட்டூவில் ஏரித் தண்ணீர் ஏறி... என்ன கொடுமை சார் இது!

உயிர் போகாவிட்டாலும் போவதற்கு வேறு இருக்கிறது. மீன், இறால் கையாளுகிறவர்களின் கையில் சின்னக் காயம் வழியாக ஏறும் ஒரு வகைக் கிருமி உண்டு, காசநோய்க் கிருமியின் உறவு, மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று பேர். உடனே எதுவும் தெரியாது. சில வாரம் கழித்து முடிச்சு முடிச்சாகக் கிளம்பும். "மை ஒத்துக்கல" என்று டாட்டூ கடைக்காரர் சொல்வார். சொறி என்று மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுப்பார். சரியான மருந்தை மாசக்கணக்கில் சாப்பிட்டால்தான் அடங்கும்.

*

"எங்க ஆயா குத்திக்கிட்டு மறுநாளே தண்ணில இறங்கிச்சே, என்ன ஆச்சு?" என்று ஒரு வாதம் கட்டாயம் வரும்.

ஆயாவிடமே கேளுங்கள். குறத்தி வாசலில் வந்து உட்கார்ந்து, அரிசியோ சில்லறையோ வாங்கிக்கொண்டு, விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து ஊசியால் குத்திவிட்டுப் போன கதையைச் சொல்வார். மேலே மஞ்சளும் எண்ணெயும் தடவியதைச் சொல்வார். மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படிப் பச்சை குத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது நூறு வருஷத்துக்கு முன்பே வெள்ளைக்காரன் குறிப்பெடுத்துக்கொண்டு போகிற அளவுக்குப் பரவலாக இருந்த பழக்கம். எழுபதுகளில் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளுங்கள் என்று எம்.ஜி.ஆர். சொன்னபோது சொன்னவுடன் கை நீட்டியவர்கள் உண்டு. மீனவர் குப்பங்களில் அந்தத் தலைமுறையின் கைகளை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் ஆயாவின் தேள் எத்தனை பெரிசு? ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கோடும் புள்ளியும்தான். பேரனின் சிங்கம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அதுவும் உள்ளே முழுக்க நிழல் தீட்டி நிரப்பியது. இரண்டு காயமும் ஒன்றா? இன்னொன்று, கை வீங்கி, காய்ச்சல் வந்து, "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று மந்திரித்துவிட்டு, பத்தாம் நாள் செத்துப்போன பெண்ணின் பேத்தி வந்து வாதாட மாட்டாள். அப்படி ஒருத்திக்குப் பேத்தியே இருக்க மாட்டாள். பிழைத்தவர்கள் சொல்வதுதான் எப்போதும் காதில் விழும்.

மஞ்சள்? மஞ்சளுக்குக் கிருமியை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். அது சுத்தம் செய்யப்பட்ட மஞ்சள் சத்து. கடையில் அரைத்து, திறந்த டப்பாவில் மாசக்கணக்கில் கிடந்த தூள் அல்ல. ஈரப் புண்ணில் தூளைக் குழைத்து அப்பினால் பொருக்கோடு சேர்ந்து காறையாகப் பிடித்துக்கொள்ளும். அதை உரிக்கும்போது மையும் வரும், தோலும் வரும். ஆயாவின் கோலப்புள்ளி தாங்கியதைப் பேரனின் சிங்கம் தாங்காது.

அப்புறம் அந்தக் கவர் விஷயம். குத்தி முடித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அனுப்புகிறார்களே, அது கடையிலிருந்து வீடு வரை தூசி படாமல் போவதற்கு. சில மணி நேர வேலை. அதைச் சுற்றிக்கொண்டே தொழிலுக்குப் போகலாம் என்பது விபரீதம். சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை கட்டிக்கொள்ளும், விளிம்பு வழியாக ஏரித் தண்ணீரும் உள்ளே போகும், போனது வெளியே வராது. இரண்டும் சேர்ந்து ஊறினால் அதைவிடத் தோதான நாற்றங்கால் கிருமிக்குக் கிடைக்காது. தோலோடு ஒட்டிக்கொள்ளும் மருத்துவத் தாள் ஒன்று இப்போது வருகிறது, விலை அதிகம். அதுவும் குளிக்கும்போது மேலே படும் தண்ணீருக்குத்தான். மணிக்கணக்காகச் சேற்றில் துழாவுவதற்கு இல்லை.

*

துழாவுவது என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர்கள் இருளர் பெண்கள். ஏரியின் ஆழமில்லாத பக்கங்களில் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பனையோலையில் முடைந்த பறியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போட்டபடியே போவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் கருவி. கழுத்தளவு தண்ணீரில் நாலைந்து மணி நேரம். சிப்பி ஓடு கிழிக்கிற கை, இறால் கொம்பு குத்துகிற கை. அந்தக் கையில் புதுசாக ஒரு பேர் எழுதிவிட்டு "தண்ணி படாம பாத்துக்கம்மா" என்று சொல்லி அனுப்புவது அறிவுரையா, கிண்டலா?

வலைக்காரர்களுக்கு வேறு கணக்கு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு என்ற முறையில் ஊர்கள் பிரித்து வைத்திருக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிமடம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வைத்துக் கழி ஊன்றிச் சுத்துவலை கட்டுகிறார்கள். அரசாங்கம் சட்டம் போடாமலேயே தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு, அதைப் பற்றிப் பல்கலைக்கழகக்காரர்கள் புத்தகமே எழுதுகிறார்கள். முறை வந்த நாளில் இறங்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை கை சும்மாதான். "மூணு வாரம் லீவு போடு" என்று சொல்ல அவன் கம்பெனி ஊழியனா? லீவு போட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்வதையும் பாருங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960களின் கடைசியிலேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் தண்ணீர் உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே உள்ளே வந்தது. கரையோரக் குப்பங்களில் போர் போட்டால் கரிக்கிறது. குடிக்கவே குடத்தோடு காத்திருக்கிற வீட்டில் டாட்டூ கழுவத் தனித் தண்ணீருக்கு எங்கே போவது? கொதிக்க வைத்து ஆறவைத்த ஒரு சொம்புத் தண்ணீர் போதும், ஒரு தடவைக்கு அதற்கு மேல் தேவையில்லை. கை கழுவிவிட்டு, சோப்பை நுரைத்துத் தடவி, அந்தச் சொம்புத் தண்ணீரை ஊற்றி, துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றினால் தீர்ந்தது. இதைக் கடையில் யாராவது சொல்கிறார்களா? ம்ஹூம். "சுத்தமான நீர்" என்று அச்சடித்த தாள் வாய் திறந்து வேறு எதுவும் சொல்லாது.

*

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. "இவனுங்களுக்கு எதுக்கு டாட்டூ? அந்தக் காசை வீட்ல குடுக்கலாம்ல?" என்கிற கூட்டம். இதற்கு ரொம்ப நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன் தோளில் திமிங்கலம் வரைந்துகொண்டால் ரசனை, மீன் பிடிக்கிறவன் வரைந்துகொண்டால் ஊதாரித்தனமா? நூறு வருஷத்துக்கும் மேலாக அவன் வீட்டுப் பெண்கள் கையில் இருந்த கலை அது, நகரத்துக்காரன்தான் நேற்று கற்றுக்கொண்டான்.

டாட்டூ போடட்டும். கேள்வி எப்போது, எங்கே என்பதுதான். அதைக் கேட்க வேண்டியவர் ஊசி பிடிக்கிறவர். நாற்காலியில் உட்கார வைத்ததும், "என்ன டிசைன்?" என்பதற்கு முன்னால், "என்ன தொழில்? எப்போ தண்ணில இறங்கணும்?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பதில் "நாளைக்கு" என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்றால், போகட்டுமே. காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கூலிக்குப் போகிறவனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அந்த ஆரம்பத்தில் வந்து குத்திக்கொண்டால் ஆறுவதற்கு வேண்டிய நாள் கையில் இருக்கும். வெயிலுக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை போதும். ஏரித் தொழில்காரனுக்கு அப்படி ஒரு விடுமுறை இல்லை. வீட்டு விசேஷமோ வேறு காரணமோ அவன் கரையில் இருக்கிற வாரங்கள் வரும், அதுவரை தள்ளிப்போடச் சொல்லலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கெண்டைக்காலைவிடத் தோள்பட்டை தேவலை என்று சொல்லலாம், அலை தெறிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கையால் இறால் தடவுகிற பெண்ணுக்குத் தோளும் தப்பாது. அவரிடம் "இப்ப வேணாம்மா" என்பதுதான் நேர்மை.

இதைச் சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டு, நாலு நாளில் சீழ் பிடித்து வந்து நிற்கிறவனிடம் "நான் சொன்னேன்ல, நீதான் தண்ணில இறங்கிட்ட" என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இறங்குவான் என்று அவருக்குத் தெரியும். கையில் கயிறு அறுத்த தழும்பும் காலில் சிப்பி கிழித்த தழும்பும் இருக்கிறவனைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தே செய்துவிட்டு, பின்பராமரிப்பு உன் பொறுப்பு என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் பழி இடம் மாறிவிடுமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார முடியாது. டாட்டூ கடைக்கென்று நாடு முழுவதற்குமான தனிச்சட்டம் எதுவும் இல்லை. திருச்சியில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளர்களின் நாக்கையே பிளந்துவிட்டு, அதை வீடியோவாகவும் போட்டு, 2024 டிசம்பரில் கைதானார். அதற்கப்புறம்தான் கடைக்குச் சீல். 2025இல் கர்நாடக சுகாதாரத் துறை மைகளில் கன உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, மத்திய அரசிடம் கட்டுப்பாடு கேட்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலேயே டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குத் தடையும் அளவும் வைத்துவிட்டது. மை அத்தனை முக்கியமா என்றால், ஆம். 2011 கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. கடை சுத்தம், ஊசி சுத்தம். கிருமி இருந்தது மையில், மையை நீர்க்க வைக்கச் சேர்த்த தண்ணீர்மேல்தான் சந்தேகம். அப்படியிருக்க, திருவிழாவில் தரையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடி இல்லாத மைக் கிண்ணத்தில் ஆள் மாற்றி ஆள் அதே ஊசியைத் தோய்க்கிற இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊசி உறை கண்முன்னே பிரிக்கப்படாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

ஏற்கெனவே குத்திக்கொண்டு ஏரியிலும் இறங்கிவிட்டவர் என்ன செய்வது? கரையேறியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள். இதற்காகப் படகில் ஒரு பாட்டில் குடிதண்ணீர் கூடுதலாக எடுத்துப்போகலாம். புது டாட்டூ முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் கசிந்து, கொஞ்சம் எரியத்தான் செய்யும். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவினால், காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் வலி கொன்றால், குளிர் ஜுரம் வந்தால், தோல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறிக் கொப்புளம் கட்டினால், மருந்துக்கடை மாத்திரை, மஞ்சள், மந்திரிப்பு எதுவும் வேண்டாம். வைப்ரியோ தொற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் போல இறந்துபோகிறார்கள், சிலர் ஓரிரு நாளிலேயே. ராத்திரி பதினொரு மணியானாலும் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108. போனதும் டாக்டரிடம், அவர் கேட்காவிட்டாலும், சொல்ல வேண்டியவை இரண்டு: எத்தனை நாளைக்கு முன் டாட்டூ போட்டது, அதற்கப்புறம் ஏரித் தண்ணீரில் இறங்கியது. சாதாரணப் புண்ணுக்குத் தருகிற மருந்து வேறு, உப்புநீர்க் கிருமிக்குத் தருகிற மருந்து வேறு. குடிப்பழக்கம், சர்க்கரை, பழைய மஞ்சள் காமாலை இருந்தால் பக்கத்தில் அம்மா நின்றாலும் வெட்கப்படாமல் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.